ரெண்டடி தொட்டிக்குள்ள பன்னிரண்டு ரவுடிங்க

கேள்வி: அண்ணா, மூணு வாரம் முன்னாடி ரெண்டடி தொட்டில கடைல ஆப்பிரிக்கன் சிக்லிட் மிக்ஸ்னு சொல்லி வித்த, பல வகை கலந்த கலர் மீன் குஞ்சு 12 வாங்கி விட்டேன். இப்ப 4 தான் மிச்சம். மஞ்சள்ல கருப்புக் கோடு போட்ட ஒண்ணு எல்லாத்தையும் விரட்டி விரட்டிக் கடிக்குது. தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு வீட்டு ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறேன், அதுதான் தப்பா? நாலடி தொட்டிக்கு மாறலாம்னு இருக்கேன். இந்தத் தடவையாவது சரியா ஆரம்பிக்கணும். மீன் செத்துக்கிட்டே இருந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு அம்மா வேற சொல்லிட்டாங்க. (வேளச்சேரி வாசகர்)

பதில்: தம்பி, வீட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, நடக்கறது வெறும் இடச்சண்டை. ஆர்ஓ தண்ணியும் தப்புதான், அதுக்கு வரேன், ஆனா உங்க எட்டு மீனை அது மட்டும் கொன்னிருக்காது. அந்த மஞ்சள் கோடு போட்டது அனேகமா ஆராடஸ்ங்கற வகை. கடைல சுண்டுவிரல் சைஸ்ல பாக்கறப்போ அவ்ளோ அழகா இருக்கும், எல்லாரும் அதைத்தான் மொதல்ல கை காட்டுவாங்க. ஆண்னா வளர வளர மஞ்சள் போய் உடம்பு கருத்துடும், அதுக்கப்புறம் தொட்டி மொத்தமும் அவன் பட்டா நிலம். இன்னிக்கு சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க, அடி வாங்குன மீன் கீழ எங்கயும் இருக்காது, மேல தண்ணி மட்டத்துல ஃபில்டர் பைப்புக்குப் பின்னாடி வால் கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கும், சாப்பாடு போட்டாக்கூட இறங்கி வராது. அப்படி ஒண்ணு நின்னா இன்னிக்கே அதைத் தனியா எடுத்துடுங்க, நாளைக்குன்னா இருக்காது.

இதுங்க ஊர் எதுன்னு தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். ஆப்பிரிக்காவுல மலாவி ஏரி, கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் நீளம், சென்னைல ஆரம்பிச்சு திருநெல்வேலி வரைக்கும் ஒரே ஏரியா இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கரையோரம் தண்ணிக்கடியில பாறையா குவிஞ்சு கிடக்கும், அந்தப் பாறைல படிஞ்ச பாசியைச் சுரண்டித் தின்னுட்டு அங்கயே வாழற கூட்டத்துக்குப் பேரு எம்பூனா. ஆராடஸும் அந்தக் கூட்டம்தான். ஆளாளுக்கு ஒரு பொந்து, அதுக்கு ஒரு எல்லை. அங்க தோத்தவன் அடுத்த பாறைக்கு ஓடிடுவான். உங்க ரெண்டடில ஓடுனா கண்ணாடிலதான் போய் முட்டணும்.

சரி தண்ணிக்கு வருவோம். மலாவி தண்ணியோட பிஹெச், அதாவது அமில கார அளவு, 7.7ல இருந்து 8.6 வரைக்கும், கால்சியம் உப்பு கரைஞ்ச கொஞ்சம் கடினமான தண்ணி. ஆர்ஓ மிஷின் என்ன பண்ணுது, அந்தக் கால்சியம் உப்பையெல்லாம் எடுத்துட்டு உங்களுக்குக் குடுக்குது. குழாய் வாய்ல வெள்ளையா உப்பு படியுது, ஷவர் அடைச்சுக்குதுன்னு நாம திட்டுற போர் தண்ணி இருக்கு பாருங்க, இந்த மீனுக்கு அதுதான் சொந்த ஊர். ஒரு டெஸ்ட் கிட் வாங்கி பிஹெச் பாத்துட்டு அதையே ஊத்துங்க. ஆனா ஒரேயடியா மாத்திடாதீங்க, இருக்கற நாலு மீனுக்கும் தினம் கொஞ்சம் கொஞ்சமா ஒரு வாரத்துல மாத்துங்க. மெட்ரோ வாட்டர்னா குளோரின் போக ஆன்ட்டி குளோரின் விட்டே ஆகணும். சில பேர் கல்லுப்பை அள்ளிப் போடுவாங்க, இது கடல் மீன் இல்லங்க, வேண்டாம்.

நாலடி தொட்டி நல்ல முடிவு, அதுக்குக் கீழ எம்பூனா வளக்காதீங்கன்னுதான் நான் யார் கேட்டாலும் சொல்றது. நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடின்னா சுமார் 255 லிட்டர், தண்ணி மட்டுமே கால் டன், கல்லு கண்ணாடி ஸ்டாண்டெல்லாம் சேத்தா 350 கிலோ தாண்டும், மாடி வீடுன்னா நடு ஹால்ல வைக்காம சுவரை ஒட்டி வைங்க. அடில தெர்மோகோல் மறந்துடாதீங்க.

கல்லு அடுக்கறதுலதான் நெறைய பேர் கோட்டை விடுவாங்க. மணலைக் கொட்டி அதுமேல கல்லை வைப்பாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா இதுங்க வாயால மணலை அள்ளி அள்ளித் துப்பிக் குழி தோண்டற ஜாதி, ஒரு ராத்திரி அடிக்கல்லு சரிஞ்சு கண்ணாடில இடிச்சா ஹாலெல்லாம் வெள்ளம். அதனால மொதல்ல கல்லு, அது ஆடாம உக்காந்தப்புறம் மணல். கிச்சன் அலமாரிக்குப் போட்டு மிச்சமான பாலிஷ் போடாத கடப்பாக்கல் துண்டு கெடச்சா விடாதீங்க, அது சுண்ணாம்புக்கல் வகை, இந்தத் தண்ணிக்குப் பொருந்தும், ஓரத்தை மட்டும் தேச்சு மழுக்கிடுங்க. உடைஞ்ச மண்பானையும் ஓகே. மணலோட கொஞ்சம் கிளிஞ்சல் கலந்தா பிஹெச் இறங்காம நிக்கும். ராமேஸ்வரம் போனா பவளம் பொறுக்கிட்டு வரலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, கேஸ் ஆயிடும்.

தொட்டி வந்த அன்னிக்கே மீனை விடாதீங்க. ஃபில்டரை ஓட விட்டு தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு நாலுல இருந்து ஆறு வாரம் பொறுமையா இருங்க, மீன் கழிவுல வர்ற அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா வளரணும். இந்த மீனுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதே அளவு அமோனியா பிஹெச் 7ல இருக்கறதைவிட 8ல கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். ஃப்ரெண்டு வீட்டுப் பழைய தொட்டில ஓடிட்டிருக்கற ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒண்ணு வாங்கி உள்ள போட்டா, அதுலயே அந்த பாக்டீரியா இருக்கும், சீக்கிரம் ஆகும். அப்புறம் வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்தினாப் போதும். ஹீட்டர்லாம் நம்ம ஊருக்கு எதுக்கு, மே மாசத்துல தண்ணி மேல ஃபேன் காத்து படற மாதிரி வைங்க, கரண்ட் போனா ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் வேணும்.

மீன் வாங்கறப்போ மிக்ஸ் பாக்கெட் பக்கமே போகாதீங்க. எலக்ட்ரிக் எல்லோ ஆறு, அசேய் ஆறு, கெடச்சா ரஸ்டி ஆறு, எல்லாம் எம்பூனாலயே கொஞ்சம் சாதுவான வகை. கலர் மீன் கடைங்க நெறைஞ்ச கொளத்தூர்ல ஒரு சுத்து சுத்தினா ஒரே வகையில ஆறு ஏழு சேந்தாப்ல எடுக்கலாம். குஞ்சுல ஆண் பெண் தெரியாது, வளந்தப்புறம் ஒரு ஆணுக்கு மூணு பெண் இருக்கற மாதிரி மிச்ச ஆணைக் கழிச்சு விடுங்க. பதினெட்டு மீன் அதிகமாச்சேன்னு தோணும், வேணும்னுதான் சொல்றேன், கூட்டம் இருந்தா அடி பங்கு போயிடும், ஒருத்தன் தலையிலயே விழாது.

சாப்பாட்டுல நான் வாங்குன அடியைச் சொல்றேன். ஆரம்பத்துல ஆசைக்கு ஃப்ரோஸன் பிளட்வார்மா (உறைய வெச்ச சிவப்புப் புழு) போட்டுத் தள்ளினேன், ரெண்டே வாரத்துல நல்லா இருந்த ஒரு எல்லோவுக்கு வயிறு பந்து மாதிரி ஊதி, வெள்ளையா நூல் மாதிரி கழிஞ்சு, தீவனத்தை வாயில வாங்கித் துப்பிட்டு மூணாம் நாள் போயிடுச்சு. மலாவி ப்ளோட்டுன்னு சொல்வாங்க. எம்பூனால பெரும்பாலும் பாசி தின்னு நீளக் குடலோட வளந்த மீன், கறிச்சோறு ஒத்துக்காது. பாசில செஞ்ச ஸ்பைருலினா பெல்லட் போடுங்க, வாரம் ஒரு நாள் தோலுரிச்ச பட்டாணி இல்லன்னா லேசா வெந்த கீரை.

ஒரு பெண் மீன் திடீர்னு சாப்பிடாம தாடை உப்பி, வாயை மென்னுக்கிட்டே இருந்தா பயப்படாதீங்க, அது நோய் இல்ல. வாய்க்குள்ள முட்டை இருக்கு, மூணு வாரம் பட்டினி கெடந்து அங்கயே குஞ்சு பொரிக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க. மார்க்கெட்ல ஜிலேபி மீன் வாங்குவாங்கல்ல, அதுவும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்த சிக்லிட்தான், 1952ல இங்க கொண்டு வந்து விட்டாங்க, அதுவும் இப்படி வாயிலதான் வளக்கும். இன்னிக்கு அது இல்லாத ஏரியைத் தேடணும், நம்ம ஊர் மீனையெல்லாம் ஓரங்கட்டிடுச்சு.

அதனால அந்த ஆராடஸை வேளச்சேரி ஏரில கொண்டு போய் விட்டுடாதீங்க. ஒரு டப்பால பிடிச்சு வாங்குன கடைலயே திருப்பிக் குடுங்க, காசு தர மாட்டாங்க, பரவால்ல.