பத்துக்குப் பத்து அறையில் எடைப் பயிற்சி: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: வீட்டில் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்று காலியாக உள்ளது. எடைப் பயிற்சிக்கு நான் புதியவன். துணைக்கு யாரும் இல்லாமல் தனியாகத்தான் செய்ய வேண்டும். மல்டி ஜிம் (பல பயிற்சிகளுக்கான ஒரே இயந்திரம்) வாங்கலாமா, பார்பெல் (இரு கைகளாலும் தூக்கும் நீளக் கம்பி) வாங்கலாமா, அல்லது டம்பெல்ஸ் போதுமா?

பதில்: பிளேட் (எடைத் தட்டு) மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்ஸும் உறுதியான பெஞ்ச் ஒன்றும் இப்போதைக்குப் போதும்.

வாங்கும்போது பெரும்பாலோர் அதிகபட்சம் எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்கள். எடையை எவ்வளவு சிறிய அளவில் கூட்ட முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தசை வலுப்பெறுவது சுமை படிப்படியாக ஏறும்போதுதான். 5 கிலோவுக்கு அடுத்து 7.5 கிலோ மட்டுமே கையில் இருந்தால் சுமை ஒரே தாவலில் 50 சதவீதம் ஏறிவிடும். கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு உயர்த்தும் பயிற்சியில் புதியவர் ஒருவரால் அதைத் தாங்க இயலாது. ஒரு ஜோடி டம்பெல்ஸுக்கு நான்கு முனைகள் என்பதால், அரை கிலோ பிளேட் நான்கு இருந்தால் கைக்கு ஒரு கிலோ வீதம் ஏற்றிக்கொள்ளலாம். கடைகளில் தரும் செட்டில் இவை பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பெஞ்சில் சிக்கனம் பார்க்காதீர்கள். 75 கிலோ எடையுள்ளவர் இரு கைகளிலும் 15 கிலோ வீதம் பிடித்துப் படுத்தால் பெஞ்ச் 105 கிலோவைச் சுமக்கிறது. வாங்குமுன் அதில் படுத்து, உடலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அப்போதே ஆடும் பெஞ்ச் பின்னால் உறுதியாகிவிடப் போவதில்லை.

ஒலிம்பிக் பார்பெல் நல்ல கருவிதான். ஆனால் 20 கிலோ எடையுள்ள அந்தக் கம்பியின் நீளம் 2.2 மீட்டர், உங்கள் அறையில் இருபுறமும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பிளேட்டை உருவிக் கழற்ற ஆள் நிற்கவே இடமிருக்காது. மேலும், படுத்தபடி எடையை மார்புக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்கையில் கை தளர்ந்தால் டம்பெல்ஸைப் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். பார்பெல்லோ மார்பின்மேல் அமர்ந்துவிடும். பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக் (பார்பெல்லைத் தாங்கும் சட்டகம்) இன்றித் தனியாளாக அதைச் செய்யக் கூடாது.

மல்டி ஜிம் இடத்தை அடைத்துக்கொள்வதோடு அசைவையும் ஒரே தடத்தில் கட்டிப்போடுகிறது. புல்லியின் அமைப்பைப் பொறுத்து, இயந்திரத்தின் எடை அடுக்கில் எழுதியிருக்கும் எடையில் பாதி மட்டுமே கையில் உணரப்படுவதும் உண்டு.

பழைய பிளேட்டுகளைத் தயங்காமல் வாங்கலாம், துரு ஒரு குறையே அல்ல. துளையை மட்டும் அளந்துகொள்ளுங்கள்: ஒலிம்பிக் பிளேட்டின் 50 மில்லிமீட்டர் துளை, மெல்லிய டம்பெல் கம்பியில் லொடலொடவென்று ஆடும். மரை தேய்ந்த கம்பியை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். தலைக்கு மேல் தூக்கியிருக்கும்போது பிளேட் கழன்று விழுவது அதில்தான்.