சா கலோப்ரா ஏறுவதற்கு முன் பின்சக்கரத்துப் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: வயது 44, எடை 78 கிலோ, சென்னையில் ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவோடு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டித் திரும்புவேன். சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். வரும் ஏப்ரலில் நண்பர்கள் நான்கு பேர் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்கு ஒரு வாரம் சைக்கிள் ஓட்டப் போகிறோம். அங்கே சா கலோப்ரா மலைப்பாதையை என்னால் ஏற முடியுமா? சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா? விசா, ஹோட்டல், சைக்கிள் எல்லாம் சேர்த்து ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் தருகிறார், முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: ஏற முடியும். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஏஜென்டிடம் முழுப் பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் அந்த 28 கிலோமீட்டர் வேகத்தை மறந்துவிடுங்கள். ஈ.சி.ஆரில் உங்கள் எதிரி காற்று. குழுவுக்கு நடுவில் ஓட்டும்போது அந்தக் காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்கிறார். மலையில் எதிரி உங்கள் எடை. அதை யாரும் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. சமதளத்தில் வேகமாகப் போகிறவர் மலையில் திணறுவதும், அங்கே பின்தங்குகிற ஒல்லியான ஆள் இங்கே முன்னால் போய்விடுவதும் அதனால்தான்.

சா கலோப்ராவின் ஏற்றம் 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 சதவீதம். கடல் மட்டத்தில் தொடங்கி 682 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயில் முடிகிறது. நடுவில் 26 கொண்டை ஊசி வளைவுகள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே சாலை ஒரு வளையமாகச் சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து போகும். டை முடிச்சு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1930-களில் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் போட்ட சாலை இது. மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்காமல், மலையின் போக்கிலேயே வளைத்து வளைத்து இறக்கியிருக்கிறார். உலகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தேடி வருவதற்கு அது முழுக்கத் தகுதியான சாலை.

ஆனால் இது மற்ற மலைகளைப் போல இல்லை, தலைகீழ். மேலே ஏறி, களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம் என்ற வசதி கிடையாது. கீழே இருப்பது ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம், அத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. நீங்கள் முதலில் இறங்க வேண்டும், அப்புறம் அதே வழியில் ஏறித்தான் வெளியே வர முடியும். கீழேயிருந்து சோயெர் துறைமுகத்துக்குப் படகு உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் ஓடாது, சைக்கிளை ஏற்றுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதை நம்பி இறங்க வேண்டாம். வடக்கே போர்ட் டி பொயென்சாவில் தங்கினால், போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 2,000 மீட்டருக்கு மேல். சா கலோப்ரா அடிவாரத்தில் நிற்கும்போதே உங்கள் கால் பாதி வேலையை முடித்திருக்கும்.

இப்போது எல்லாரும் கேட்க மறக்கும் கேள்விக்கு வருகிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்?

வாடகைக்கு விடுகிறவர்கள் இணையத்தில் “கார்பன் ஃபிரேம்”, “எலெக்ட்ரானிக் கியர்” என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பல் எண்ணிக்கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்குத் தேவை இவ்வளவுதான்: முன்னால் பெடலோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதுக்கு 34. குறைந்தபட்சம் 32. பின்னால் 28 தான் இருக்கிறது என்றால் அந்தச் சைக்கிள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். காரணம் எளிமையானது. நிமிடத்துக்கு 70 சுற்று என்ற அளவில் நிதானமாக மிதிப்பதாக வையுங்கள். பின்னால் 28 பல் இருந்தால் அந்த மிதிக்கு மணிக்கு பத்தரை கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். 34 இருந்தால் 9 கிலோமீட்டர்கூட வேண்டாம். 7 சதவீதச் சரிவில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு மணி நேரம் மூச்சுவிட்டு ஏறுவதற்கும், நான்காவது வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘பலசாலிக்கு 28 போதும்’ என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். அவர் வேண்டுமானால் அதில் ஏறட்டும்.

அடுத்தது பிரேக். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான சைக்கிள்களில் வலது கை பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது கைதான் முன்சக்கரம். பல வருடப் பழக்கத்தில் உங்கள் கை தானாகவே ஒன்றைப் பலமாகப் பிடிக்கும். சா கலோப்ரா இறக்கத்தில் ஒரு வளைவில், எதிரே சுற்றுலாப் பேருந்து வரும்போது, தவறான சக்கரம் இறுகினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாடகைக் கடையிலேயே மாற்றித்தரச் சொல்லலாம், முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மாற்றவில்லை என்றால் முதல் நாள் காலியான இடத்தில் அரை மணி நேரம் பிடித்துப் பிடித்துப் பழகுங்கள். சாலையில் வலப்பக்கம் போக வேண்டும், ரவுண்டானாவில் நம் ஊருக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். காபி குடித்துவிட்டுக் கிளம்பும் அந்த முதல் நிமிடத்தில்தான் பழைய பழக்கம் வந்து நிற்கும்.

சொந்த சைக்கிள் வேண்டாம் என்றேன். சென்னையிலிருந்து மயோர்காவின் தலைநகர் பால்மாவுக்கு நேரடி விமானம் கிடையாது, ஒரு முறையாவது மாற வேண்டும், பெரும்பாலும் இரண்டு முறை. ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டி தாமதமாகலாம், உள்ளே ஃபிரேம் விரிசல் விடலாம். ஒரு வாரப் பயணத்தில் சைக்கிள் மூன்று நாள் தாமதமாக வந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? விமான நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு விதி வைத்திருக்கிறது, கவுன்டரில் இருப்பவர் இன்னொரு விதி சொல்கிறார். போதாததற்கு, திரும்பி வரும்போது விலை உயர்ந்த சைக்கிளைப் பார்த்து சுங்கத்தில் கேள்வி வரலாம். போகும்போதே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்தால் அது தீரும். அதற்கு நள்ளிரவில் விமான நிலையத்தில் யாரைத் தேடுவது என்று தெரிவதற்குள் போர்டிங் முடிந்துவிடும். நம் சொந்தப் பொருள் என்று நிரூபிக்க நாமே அலைய வேண்டிய இந்த ஏற்பாட்டை எப்போதுதான் சரிசெய்வார்களோ.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் நால்வரில் யாராவது குட்டையானவரா? ஐந்தடி அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் என் அறிவுரை மாறுகிறது. வாடகைக் கடைகளில் நடு அளவுகள் நிறைய இருக்கும். மிகச் சிறிய ஃபிரேம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும், அதுவும் ஏப்ரலில் முதலில் தீர்ந்துபோகும். ‘கொஞ்சம் பெரியதுதான், சீட்டை இறக்கித் தருகிறோம்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட்டை இறக்கினால் கால் எட்டும், கை எட்டாது. ஹேண்டில்பாருக்கு உடம்பை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கினால் கழுத்தும் தோளும் மரத்துப்போகும். பிரேக் லீவரும் சிறிய விரல்களுக்குத் தூரமாக இருக்கும். மலை இறக்கத்தில் அது வெறும் வலி அல்ல, ஆபத்து. அப்படிப்பட்டவர் மூன்று மாதம் முன்பே கடைக்கு எழுதி, உயரம், கால் உள்நீளம், தன் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம் மூன்றையும் தந்து, இந்த அளவு ஃபிரேம் எனக்காக ஒதுக்கப்பட்டது என்று பதில் வாங்க வேண்டும். அந்தப் பதில் வரவில்லை என்றால், மேலே நான் சொன்ன அத்தனை தொல்லையையும் பொறுத்துக்கொண்டு சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதே நல்லது. ஆறடி இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளவருக்கும் இதே பேச்சுதான். மற்ற எல்லாரும் சொந்தப் பெடல், ஷூ, சீட் இவற்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும்.

சரி, ஏஜென்ட். உங்களுக்கு பேக்கேஜ் விற்பவர் மயோர்காவைப் பார்த்திருக்கிறாரா என்று ஒரு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்: ஹோட்டல் எந்த ஊரில்? பால்மா, மகலூஃப் என்றால் அவர் கடற்கரைச் சுற்றுலாவை எடுத்து அதன் மேல் சைக்கிள் என்ற ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். வடக்கு மலைகளுக்குப் போர்ட் டி பொயென்சாவோ அல்குதியாவோதான் வசதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பேக்கேஜ் என்றால், நடத்துபவர் திவாலானாலும் பணம் திரும்பக் கிடைக்கச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இங்கே ஒரு மாடி அறையிலிருந்து விற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பணம் போனால் போனதுதான். ஹோட்டலையும் சைக்கிளையும் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யுங்கள், ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். அரை நாள் வேலை அது.

விசாவில்தான் இந்த இடைத்தரகர்கள் கொழிக்கிறார்கள். ஸ்பெயினுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, அது 45 நாள் வரை நீளலாம். பெரியவர்களுக்கு அரசுக் கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. ஏப்ரலில் போகிறவர் டிசம்பரிலேயே தயாராக இருந்தால் யாருடைய தயவும் தேவையில்லை. ஆனால் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தைத் திறந்தால் இடமே இல்லை என்கிறது, அதே நேரத்தில் வெளியே ஒருவர் ‘நாளைக்கே வாங்கித் தருகிறேன்’ என்று தனியாகக் காசு கேட்கிறார். ஒரு சாதாரண மனிதன் முறையாகப் போய்வர இத்தனை தடையா என்று எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அவர் வைக்கும் பொய் ஹோட்டல் பதிவுக்கும் பொய் டிக்கெட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட நீங்கள்.

ஏப்ரல் நல்ல மாதம். ஆனால் அந்த மாதக் கடைசியில் மயோர்கா 312 என்ற பெரிய சைக்கிள் நிகழ்வு நடக்கும். பாதை நீளம் 312 கிலோமீட்டர், பங்கேற்பவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வாரம் அறையும் கிடைக்காது, நல்ல சைக்கிளும் கிடைக்காது. தேதியைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும். வியர்த்து ஏறிய உடம்போடு இறங்கும்போது ஏப்ரலிலும் நடுங்கும், சென்னைக்காரர்கள் இதை நம்புவதே இல்லை. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம், தீவின் மற்ற மலைச்சாலைகளில் வரும் சுரங்கங்களுக்கு விளக்கு வேண்டும். சைவர்கள் கவனிக்க: அங்கே எல்லாப் பேக்கரியிலும் இருக்கும் சுருள் வடிவ இனிப்பு ரொட்டி, என்சைமாதா, பன்றிக் கொழுப்பில் செய்வது.

முதல் நாளே சா கலோப்ரா வேண்டாம். முதல் நாள் சினேயு, பெட்ரா பக்கம் சமதளத்தில் சுற்றுங்கள், பிரேக்கும் வலப்பக்கமும் பழகும். இரண்டாம் நாள் காய்மாரி கிராமத்திலிருந்து கோல் டி சா பதாயா. சுமார் 8 கிலோமீட்டர், 5 சதவீதம், ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவே போகும் அருமையான ஏற்றம். அதில் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் நீங்கள் தயார். மூன்றாம் நாள் குறைவாக ஓட்டிவிட்டு, நான்காம் நாள் விடிந்ததும் சா கலோப்ராவுக்குக் கிளம்புங்கள். சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் வரத் தொடங்கும், வளைவுகளில் முழுச் சாலையும் அவற்றுக்கே வேண்டும். அதற்குள் நீங்கள் ஏறி முடித்திருந்தால் நல்லது. ஏறும்போது முதல் இரண்டு கிலோமீட்டரை ‘ரொம்ப மெதுவாகப் போகிறோமே’ என்று தோன்றும் வேகத்தில் போங்கள்.

பயிற்சிக்கு சென்னை மேம்பாலங்களில் ஏறி இறங்குவதை நிறுத்துங்கள். அது ஒரு நிமிட ஏற்றத்தை வேகமாக ஏறக் கற்றுத்தரும். உங்களுக்கு வேண்டியது ஒரு மணி நேரத்தை மெதுவாக ஏறுவது. மாதம் ஒரு முறை ஏலகிரிக்கோ, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கோ போய், சீட்டில் உட்கார்ந்தபடியே, நிற்காமல் ஏறுங்கள். மூன்று முறை போனால் போதும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பு உள்ள பாலிசி வேண்டும் என்பதால் எல்லாரும் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி விண்ணப்பத்தோடு வைத்துவிடுகிறார்கள். அதில் சாகச விளையாட்டுக்கு விலக்கு என்று ஒரு வரி இருக்கலாம், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது அதில் சேருமா என்பது விபத்து நடந்த பிறகுதான் தெரியவரும். நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “வாடகைச் சைக்கிளில், தார்ச்சாலையில், பந்தயம் இல்லாமல் மலை ஏறி இறங்கும்போது அடிபட்டால் மருத்துவமனைச் செலவும் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதில் அடங்குமா?” ஆம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பிரீமியம் கட்டுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.