அபார்ட்மென்ட் லாபியில் ஒவ்வொரு வீட்டின் தனித்தன்மையும் தெரியும்படி கலைச்சுவர் அமைப்பது எப்படி?

48 வீடுகள், லாபியில் ஒரே ஒரு சுவர், எல்லோரும் அதில் தெரியவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓவியரை அழைத்து ஒரே பெரிய படமாக வரையச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020-ல் சென்னை கண்ணகி நகரில் வரைந்தது போன்ற சுவரோவியங்கள் தெருவுக்கே உயிர் கொடுப்பவை. ஆனால் அவற்றில் தெரிவது ஓவியரின் கை. உங்களுக்கு வேண்டியது வீட்டுக்கு ஒரு டைல்.

"எது வேண்டுமானாலும் வரையுங்கள்" என்று விட்டால் மயிலும் கார்ட்டூனும் வந்து குவியும். சாமி படமா கட்சிச் சின்னமா என்று சண்டையும் வரும். எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கொடுங்கள்: உங்கள் வீட்டில் தினமும் கைபடுகிற பொருள் எது? காபி டபரா, தையல் மெஷின், பழைய ரேடியோ, குழந்தையின் செருப்பு. நீலம், காவி, கறுப்பு என மூன்றே நிறங்கள் போதும். நிறம் பொதுவாக இருந்தால் சுவர் ஒன்றாகத் தெரியும். வீட்டுக்கு வீடு கோடு தானாக மாறும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் டைல் உண்டு என்பதைச் சங்கக் கூட்டத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் சுவரில் வேண்டாம்.

15 செ.மீ. வெள்ளை செராமிக் டைல் வாங்குங்கள். உடைவதற்கென்று பத்து சதவீதம் கூடுதலாக. சாதாரண அக்ரிலிக் வண்ணம் வழவழப்பான டைலில் பிடிக்காது, சில மாதங்களில் உரியும். 150 டிகிரியில் சுடும் போர்சிலின் வண்ணம்தான் வேண்டும். வரையும் முன் டைலை ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் வண்ணம் முதலில் கழலும். ஒரு நாள் காயவிட்டு, ஓவன் (கேக் சுடும் மின்அடுப்பு) குளிர்ந்திருக்கும்போதே டைலை உள்ளே வைத்துச் சூடேற்றி, 150 டிகிரி வந்தபின் 35 நிமிடம் விடுங்கள். ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் டைல் விரிசல் விடும். வீட்டு ஓவன்களின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சூடு கூடினால் வண்ணம் பழுப்பாகும். தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

சுவரில் நேரடியாக ஒட்டவேண்டாம். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்டோடு விழும், ஓதம் இருந்தால் உப்பு பூக்கும். 12 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டில் ஒட்டி, போர்டைச் சுவரில் திருகுங்கள். வரிசைக்கு 8 வீதம் 7 வரிசையில் 56 டைல் வைக்கலாம். கடைப் போர்டின் அகலம் 1220 மி.மீ.; இடைவெளி 3 மி.மீ. விட்டால் டைல்கள் 1221 வந்து வெளியே நீட்டும். 2 மி.மீ. விட்டால் 1214. டைல் அளவு கடைக்குக் கடை சற்று மாறும், ஒன்றை அளந்த பிறகே போர்டு வெட்டுங்கள். மொத்தம் சுமார் 45 கிலோ. செங்கல் சுவருக்கு ரவுல் பிளக் (திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) போதும். லேசான ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல்) சுவராக இருந்தால் அதற்கான தனி ஆங்கர்தான், சாதாரண பிளக் நொறுங்கிக் கழன்றுவிடும். தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, மின் மீட்டர் பலகை இவற்றை மறைக்காத இடமாகப் பாருங்கள்.

மிச்சமுள்ள 8 டைல்கள் கடைசி வரிசையில், புதிதாகக் குடிவருபவர்களுக்கு. அவற்றை மட்டும் பசையில்லாமல் சிலிகான் புள்ளிகளில் ஒட்டுங்கள், இடைவெளியையும் அடைக்கவேண்டாம். கத்தியால் அறுத்து வெற்று டைலை எடுத்துவிட்டு, அவர்கள் வரைந்து சுட்ட டைலை வைத்துவிடலாம்.