பூனைக்குக் கருத்தடை: ஒரு ஈத்து பார்த்துவிட்டுச் செய்யலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறோம். நெல் அடுக்கும் கொட்டகையில் எலித் தொல்லைக்காக ஒரு பெண் பூனைக்குட்டி வளர்க்கிறோம். 5 மாதம் முடிந்துவிட்டது. சில நாளாக ராத்திரியெல்லாம் கத்துகிறது, தரையில் புரள்கிறது. வைக்கோல் போர்ப் பக்கம் இரண்டு கடுவன்கள் சுற்றுகின்றன. கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். "ஒரு ஈத்தாவது ஈனட்டும், இல்லாவிட்டால் உடம்பு கெட்டுவிடும்" என்கிறார் அம்மா. ஆபரேஷன் செய்த பூனை எலி பிடிக்காது என்கிறார் பக்கத்து வயல்காரர். எப்போது செய்வது சரி?

பதில்: உங்கள் பூனை பருவத்துக்கு வந்துவிட்டது. ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வால் முளைக்கும் இடத்துக்குச் சற்று முன்னே முதுகை லேசாக அழுத்தித் தடவினால் முன்னங்கால்களை மடக்கிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபுறம் ஒதுக்கி, பின்னங்கால்களால் தரையை மிதிக்கும். இதைப் பார்த்து இடுப்பில் அடிபட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வலியும் இல்லை, நோயும் இல்லை.

உங்கள் வீட்டில் மாடு இருக்கும் என்பதால் சொல்கிறேன்: மாட்டுக் கணக்கைப் பூனைக்குப் போடாதீர்கள். பசுவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கருமுட்டை தானாக வெளிவந்துவிடும். பூனைக்குக் கடுவனோடு சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் முட்டை வெளிவரும். சேராவிட்டால் ஒரு வாரம் போல் கத்திவிட்டு அடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். சேர்ந்தால் சினை தப்புவது அரிது. ஒரே பருவத்தில் இரண்டு கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகளும் பிறக்கலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பருவம் வந்துவிடுவதும் உண்டு. பகல் குறுகும் குளிர்நாடுகளில் பூனைக்குச் சில மாதம் ஓய்வு கிடைக்கும். நம் ஊர் வெயிலில் அந்த ஓய்வும் பெரும்பாலும் கிடையாது.

இப்போது அம்மாவின் கவலைக்கு வருவோம். முதல் ஈத்து ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. உண்மை நேர் எதிர். பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய்தான், நாய்க்கு வருவதைவிட மோசமானது. அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 91 சதவீதமும், 1 வயதுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதமும் குறைந்திருந்தது. 2 வயதுக்கு மேல் செய்ததில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. குட்டி போட்டதா இல்லையா என்பது எந்த வித்தியாசத்தையும் செய்யவில்லை. அம்மாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டுமாவது சொல்லுங்கள். கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்தும் ஆபரேஷனோடு நீங்கிவிடும்.

ஆக, முதல் பருவத்துக்கு முன்பே, அதாவது 4 முதல் 5 மாதத்துக்குள் முடிப்பதுதான் நல்ல காலம். நீங்கள் சற்றுப் பிந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். பருவ நேரத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும், கசிவும் கூடும். கைதேர்ந்த மருத்துவர் அப்போதும் செய்வார். ஆனால் அவசரம் இல்லையென்றால் கத்தல் அடங்கிய அடுத்த வாரத்துக்கு நாள் குறியுங்கள். அதற்கு மேல் தள்ளினால் அடுத்த பருவம் வந்து நிற்கும். அதுவரை கதவு ஜன்னல் சாத்திய அறையில் வையுங்கள். ஓட்டுச் சந்து வழியாகக் கடுவன் இறங்கிவிடும், அதையும் அடையுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இளஞ்சினையிலும் ஆபரேஷன் செய்யலாம், முடிவு உங்களுடையது. கத்தலை நிறுத்த ஹார்மோன் ஊசி, மாத்திரை என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நான் அஞ்சுகிற கருப்பைச் சீழும் மடிக்கட்டியும் அதனாலேயே வரக்கூடும்.

எலி விஷயத்தில் வயல்காரர் சொல்வது தவறு. வேட்டை கருப்பையிலிருந்து வருவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் தீனி குறையும். பழைய அளவே போட்டால் கொழுத்துப்போய் மூட்டைமேல் படுத்துக்கிடக்கும். அந்தப் பூனையைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

எலியைச் சொன்னதும் முக்கியமான ஒன்று. கொட்டகையிலோ வரப்பிலோ புரோமாடியலோன் என்ற எலிவிஷக் கட்டிகளை வைத்திருக்கிறீர்களா? அது ரத்தம் உறையவிடாத விஷம். அதைத் தின்ற எலியைப் பூனை தின்றிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாது, ஆபரேஷன் மேசையில் ரத்தம் நிற்காது. கடந்த சில வாரங்களில் வைத்திருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியும் பூனைக்கு எமன்தான். பூனை வளர்க்கிற கொட்டகையில் விஷம் வேண்டாம், எலிப்பொறி வையுங்கள்.

முன்கூட்டியே குடற்புழு நீக்கி, மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முக்கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருப்பது நல்லது. ஈறு வெளுத்திருந்தாலோ, தெள்ளுப்பூச்சி மொய்த்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுவார்கள். நமக்குப் போல முந்தின இரவே பட்டினி போடக் கூடாது. இந்த வயதுக் குட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும், பொதுவாக நான்கு மணி நேரம் போதும், மருத்துவர் சொல்கிற நேரமே முடிவு. அந்த நேரத்தில் கொட்டகையில் விட்டீர்களானால் எலி ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு உங்களோடு பஸ் ஏறும். வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். சாக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், மூடியுள்ள காற்றோட்டமான கூடை போதும்.

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் எல்லா இடத்திலும் பூனைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வசதி இருக்காது. உங்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் தாவ விடாமல், உமி, வைக்கோல் ஒட்டாத துணியில் படுக்கவையுங்கள். நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிடும் கூம்பைப் பாவமென்று கழற்றினால் தையலை நக்கியே பிரித்துவிடும். புண்ணில் மஞ்சளும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் துண்டு கிள்ளிக் கொடுத்தால் பூனை செத்துப்போகும். கால் மாத்திரையும் ஆபத்து. இரண்டாம் நாளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், தையலில் நீரோ ரத்தமோ கசிந்தால், உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

அந்தக் கடுவன்களில் ஏதாவது ஒன்று உங்கள் தெருக்காரருடையது என்றால், அதற்கும் விதை நீக்கச் சொல்லுங்கள். அது சிறிய ஆபரேஷன், நெல் மூட்டைமேல் மூத்திரம் பீச்சுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.