லாபிஸ்காரர் கேட்கும் கேள்வியா இது?

கேள்வி: வங்காளதேசத்தில் ஷேக் ஹசினா ஆட்சி கவிழ்ந்ததால் இந்தியாவின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று டிவியில் ஓயாமல் கத்துகிறார்கள். பக்கத்து நாட்டில் ஆள் மாறினால் இவர்களுக்கென்ன? எங்கள் செம்பனைத் தோட்டத்திலும் வங்காளதேசிகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். நாமும் பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர், லாபிஸ், ஜொகூர்

பதில்: லாபிஸில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? 1964 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு இந்தோனேசியப் பாராசூட் வீரர்கள் வந்து குதித்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான். ஏறக்குறைய நூறு பேர். மறுநாளே நாடு முழுக்க அவசரநிலை. ஊரில் வயதான தோட்டத்து ஆட்கள் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்துப் பாருங்கள்.

மலேசியா உருவானதே இந்தோனேசிய அதிபர் சுகர்னோவுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவர் நம்மோடு நடத்திய மோதல்தான் கொன்ஃப்ரொன்தாசி. அது எப்படி முடிந்தது? 1966 மார்ச்சில் அங்கே அதிகாரம் ராணுவத் தளபதி சுகார்தோ கைக்குப் போனது. ஆகஸ்ட் 11-ல் ஜகார்த்தாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே ஆட்சி மாறியதால்தான் இங்கே நிம்மதி வந்தது. அந்த மாற்றத்தில் இந்தோனேசியாவில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதை நாம் பேசுவதே இல்லை, அது வேறு கதை.

இந்தியாவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்; பக்கத்தில் ஆட்சி மாறியதால் இருந்த நிம்மதி போனது. 2004 ஏப்ரலில் வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் பத்து லாரி ஆயுதங்கள் பிடிபட்டன. அசாமைத் தனி நாடாக்கக் கேட்டு ஆயுதம் ஏந்திய உல்ஃபா தீவிரவாதிகளுக்குப் போக வேண்டிய சரக்கு அது. 2009-ல் ஹசினா வந்த பிறகு காட்சி மாறியது. அந்த ஆண்டே உல்ஃபா தலைவர் அரவிந்த ராஜ்கோவா இந்தியா வசம் வந்தார், 2015-ல் இன்னொரு உல்ஃபா தலைவர் அனுப் சேத்தியா. டெல்லியும் சந்தோஷமாக எல்லாவற்றையும் அந்த ஒரு அம்மாவை நம்பியே விட்டுவிட்டது. எதிர்க்கட்சிகளோடு நாலு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை. 2024 ஆகஸ்ட் 5-ல் அவரே டெல்லிக்கு ஓடி வந்துவிட்டார். அவருக்கு 2025 நவம்பரில் டாக்கா தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்தது. ஆளைத் திருப்பி அனுப்பு என்று அங்கிருந்து கேட்கிறார்கள். இனி எல்லையில் எந்த உதவி வேண்டுமென்றாலும் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

எல்லையும் சின்னதில்லை, 4,096 கிலோமீட்டர். வடகிழக்கு மாநிலங்களை மற்ற இந்தியாவோடு இணைக்கும் சிலிகுரி வழி, குறுகலான இடத்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அதனால் டெல்லியின் கவலை பொய்யில்லை. டிவி சத்தத்தில் பாதி உள்ளூர் அரசியல், அதுவும் உண்மை.

நான் பயப்படுவது புதிதாக வரும் ஆளைப் பார்த்து அல்ல, இடைப்பட்ட நாட்களைப் பார்த்து. ஹசினா போவதற்கு முன்பே, 2024 ஜூலையில், நர்சிங்டி சிறையை உடைத்து 800-க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியேறினார்கள். அவர்களில் தீவிரவாத வழக்குக் கைதிகளும் உண்டு. அவர் போனதும் போலீஸ்காரர்கள் ஸ்டேஷனை விட்டு ஓடினார்கள், துப்பாக்கிகள் கொள்ளை போயின. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்தத் துப்பாக்கிகள் தானாகத் திரும்பி வராது.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே ஐஎஸ் தீவிரவாத அமைப்போடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 36 வங்காளதேசிகள் இங்கே பிடிபட்டது உண்மைதான். ஆனால் இங்கே வேலை செய்யும் வங்காளதேசிகள் பல லட்சம். குலை வெட்டுகிறவனையெல்லாம் குண்டு வைக்க வந்தவன் போலப் பார்க்காதீர்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. கடனும் கையில் ஆவணம் இல்லாத நிலையும்தான் ஒருவனைக் கண்டவன் வலையிலும் விழ வைக்கும். உண்மையிலேயே பாதுகாப்பில் அக்கறை இருந்தால், அவர்களுடைய கடப்பிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்று கிராணியைக் கேளுங்கள். முதலாளி பிடுங்கி ஆபீஸ் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். தொழிலாளர் இலாகாவில் நீங்களே புகார் கொடுக்கலாம்.