தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு திகில் கேம்: எதிரியாக யாரை வைப்பது? கேள்வி பதில்

1876-78 பஞ்ச காலத்தில், சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் திகில் கேமுக்கு எதிரிகளும் பிராணிகளும் யோசிக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கே: பஞ்சத்தில் செத்தவர்கள் எழுந்து வந்து துரத்தினால் போதாதா? எலும்பும் தோலுமான உருவமே பயமுறுத்துமே?

வேண்டாம். அந்தப் பஞ்சத்தில் குறைந்தது 50 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது கணிப்பு. வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, பட்டினியில் ஒட்டிப்போனவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அவற்றைப் பார்த்து எதிரிகளை வரைய உங்கள் ஓவியருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் படத்தில் இருப்பவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். அவர்களைச் சுட்டால் பாயின்ட் என்று ஒரு கேம் வரக் கூடாது. பசித்தவர் எதிரி இல்லை என்பதை முதல் விதியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

கே: அப்படியென்றால் பசிக்கு உருவமே கொடுக்க முடியாதா அண்ணா?

தாராளமாகக் கொடுக்கலாம், நம்மிடமே சரக்கு இருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு முனிவர் சாபத்தால் ஆனைத்தீ என்ற நோய், எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அதை பிளேயரின் உடம்புக்குள் வையுங்கள். வெளியே துரத்துகிற எதுவும் தராத பயத்தை அது தரும்.

அடுத்து கலிங்கத்துப்பரணி. போர்க்களத்தில் கூழ் சமைத்து, குருட்டுப் பேய், கருவுற்ற பேய், கனாக் கண்ட பேய் என்று ஒவ்வொன்றுக்கும் ஊற்றுவார்கள். 1877இன் கஞ்சித்தொட்டி வரிசையை அந்தப் பந்தியோடு சேர்த்துப் பாருங்கள். பகலில் மனிதர்கள் நின்ற இடத்தில் இரவில் பேய்கள் நிற்கின்றன. யாரும் தாக்குவதில்லை. பிளேயரும் வரிசையில் நின்றுதான் தொட்டியைக் கடக்க வேண்டும்; முண்டியடித்தால் மட்டும் எல்லாத் தலைகளும் திரும்பும். முன்னால் நிற்பவரின் மண்சட்டியை நெருக்கத்தில் காட்டுங்கள்: விளிம்பில் காய்ந்து வெடித்த பழைய கஞ்சி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பான ஓர் இடம்.

இன்னொன்று. குழிந்த வயிறு, புடைத்த நரம்பு, சிவந்த தலைமயிர் என்று பெண்பேயை வர்ணிப்பார் காரைக்கால் அம்மையார். கடுமையான சத்துக்குறைவில் நிஜமாகவே தலைமயிர் செம்பட்டை ஆகும். இதை அறிந்து வரைந்தால், பார்ப்பவருக்கு முதலில் பயம் வரும், அப்புறம் வேறொன்று வரும்.

கே: பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிளைக் கடைசி பாஸாக, அதாவது கடைசிப் பெரிய எதிரியாக வைக்கலாமா? சுட்டுத் தள்ள வசதியாக இருக்கும்.

ஒருவரைச் சுட்டால் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று ஆகிவிடுமே! நிவாரண வேலைக்கு அவர் போட்ட கூலி அளவைப் பிராணியாக்குங்கள். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடக் கொஞ்சம் காசு. உடம்பில் தெம்புள்ளவர்களை ஊரிலிருந்து 10 மைல் தள்ளியிருக்கும் வேலை முகாம்களுக்குத்தான் அனுப்பினார்கள். இது உயிரை வாங்கும் கூலி என்று மருத்துவர் கார்னிஷ் போராடினார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூடியது.

எனவே என் யோசனை, ‘தராசு’ என்ற எதிரி. கால் கிடையாது, முகம் கிடையாது, சங்கிலிச் சத்தம் மட்டும். முகாமுக்குள் நுழையும்போதெல்லாம் பிளேயரை எடைபோடும். எடை கூடுதலா, 10 மைல் நடை. குறைவா, வேலை கிடையாது. அதைக் கொல்ல முடியாது, ஏமாற்றத்தான் முடியும். மடியில் கல் கட்டிக்கொள்ளலாம், பட்டினி கிடக்கலாம். இந்தக் கேமின் உயிர் இதுதான் என்று நினைக்கிறேன், மற்ற வேலையைக் குறைத்தாவது இதற்கு நேரம் கொடுங்கள்.

கே: கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி?

கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்துக்காரன். ஏரி வெடித்துக் கிடக்கும் வருஷத்தில் பொருந்தாது. மோகினியை எல்லோரும் போட்டாகிவிட்டது, விடுங்கள். நரியும் நாயும் போதும், ஆள் தெம்பில்லாதபோது கிட்டே வரத் துணியும்.

கே: அம்மை நோய்க்கு மாரியம்மனை எதிரியாக வைத்தால் சர்ச்சை வருமா?

சர்ச்சைக்காக இல்லை, கதைக்கே ஒவ்வாது. ஊரே கையெடுத்துக் கும்பிட்ட தாய் அவள். கோயிலைப் பாதுகாப்பான இடமாக வையுங்கள். நோயில் காலரா போதும். குடத்துத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். எது நல்ல தண்ணீர் என்று பிளேயருக்குத் தெரியவே கூடாது.

கே: சாப்பாட்டை எடுத்தால் ஹெல்த் ஏறும், சரிதானே?

இந்தக் கேமில் அது கூடாது. பல நாள் பட்டினி கிடந்தவர் ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயமே நின்றுபோகலாம். முதலில் நீர்த்த கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக. நிரம்பிய சோற்றுப் பானையே ஒரு பொறியாகட்டும்.

கே: கடைசி லெவலில் மழை பெய்து எல்லாம் முடிகிற மாதிரி வைக்கலாமா?

மழை வரட்டும், ஆனால் முடிய வேண்டாம். 1877இல் மழை வந்த பிறகு மலேரியாக் காய்ச்சல் பரவி, பஞ்சத்தில் தப்பியவர்களும் செத்தார்கள். நிரம்பிய ஏரிதான் கடைசி எதிரியின் இருப்பிடம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: மலேரியாவைக் கொசு பரப்புவதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல். ஆகவே உங்கள் பாத்திரங்கள் கொசுவைக் குறை சொல்லி ஒரு வசனம்கூடப் பேசக் கூடாது. கெட்ட காற்று, கெட்ட தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். வசனம் எழுதுபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.