தூறலுக்கே ஃப்ரீ டிஷ் படம் உடைகிறது: 6 அடி டிஷ் தேவையா?

தஞ்சாவூரில் 60 செ.மீ. டிஷ்ஷில் டிடி ஃப்ரீ டிஷ், தூறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது, 6 அடி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 6 அடியெல்லாம் சி பேண்டு என்ற தாழ்ந்த அலைவரிசைக்கு. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் (93.5° கிழக்கு), கேயூ பேண்டு என்ற உயர்ந்த அலைவரிசையில், 90 செ.மீ. தாராளம். பரப்பு 2.25 மடங்கு ஆகும், அதாவது சிக்னல் சுமார் 3.5 டெசிபல் கூடும். கொட்டும் மழையில் அதிலும் படம் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும்.

ஆனால் வெறும் தூறலுக்கே போகிறதென்றால் சந்தேகம் அளவின் மேல் இல்லை, திசையின் மேல்தான். டிஷ் குறி வைக்க வேண்டியது தென்கிழக்கு, தரையிலிருந்து ஏற்றம் சுமார் 69°. செட்டாப் பாக்ஸ் காட்டும் ஸ்ட்ரெங்த்தை விடுங்கள், குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே டிஷ்ஷைச் சரிசெய்து, எல்என்பியை (டிஷ் முன்னால் நீட்டியிருக்கும் சிக்னல் வாங்கி) அதன் பிடிக்குள் மெல்லத் திருப்புங்கள். கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருந்தால் கேபிள் நுனியை நறுக்கிப் புதிது போடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் 90 வாங்கலாம். அதில் சிக்னலைப் பிடிக்கும் கற்றை குறுகும், கம்பம் லேசாக ஆடினாலும் படம் போகும். ஆடாத ஜிஐ பைப்பில் மாட்டுங்கள்.